பேர் வைத்தது யார்?

போன வாரம் பென்ஷனர் சங்கத்துக் கூட்டம் முடிந்து, தேசபந்து மைதானத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பழுத்த சைவர், திடீரென்று என்னைப் பார்த்து, “ஏங்க, நீங்க பாதிரிமார்கிட்டப் படிச்சவராச்சே, கிறிஸ்தவர்ங்கிற பேரை யாருங்க வச்சது? இயேசுவே வச்சாரா?” என்று கேட்டார். அவர் வைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல நேரம் போதவில்லை, அவருடைய பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிற வாசகர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் அப்பா விருதுநகர் மண்டிக்காரர் ஒருவரின் காரைக்கால் கிளைக்கடையில் கணக்கு எழுதியவர். அதனால் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954ல் பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அந்தப் படிப்பு அங்கே தொடர்ந்தது. பிறகு ஊர் திரும்பி, ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். நான் வேதக்காரன் அல்ல. ஆனால் மதம் என்ற கட்டத்தை முப்பது வருஷத்துக்கு மேல் நிரப்பியவன் என்பதால், வாத்தியாரின் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்விதான்.

இயேசு உயிரோடு இருந்த காலத்தில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லே கிடையாது. அவருடைய ஆட்கள் தங்களைச் சீடர் என்றார்கள், சகோதரர் என்றார்கள், பரிசுத்தவான்கள் என்றார்கள், ‘இந்த மார்க்கத்தார்’ என்றார்கள். எதிரிகள் ‘நசரேயர்’ என்றார்கள். நாசரேத்து ஊர்க்காரனின் கூட்டம் என்று அதற்குப் பொருள். அந்த ஏச்சுப் பேர் சாகவில்லை, பாருங்கள். அரபியில் இன்றும் ‘நஸாரா’ என்றால் இவர்கள்தான். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் பழைய சிரியன் கிறிஸ்தவர்கள் ‘நஸ்ராணி’ என்று தங்களைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

‘கிறிஸ்தவர்’ என்ற பேர் முளைத்த ஊர் அந்தியோகியா. அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரம் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. சிரியா மாகாணத்துக்கு ரோம கவர்னர் உட்கார்ந்திருந்த ஊர் அது, ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெரிய பட்டணம். இன்று துருக்கியில் அந்தாக்கியா என்கிறார்கள். 2023 பிப்ரவரி பூகம்பத்தில் தரைமட்டமானதை டிவியில் பார்த்திருப்பீர்கள். புதிய ஏற்பாடு முழுவதையும் தேடினாலும் இந்தப் பேர் மூன்றே இடத்தில்தான் வரும். ஒன்று அந்தியோகியா. இரண்டாவது, கைதியாக நிற்கிற பவுலிடம் அகிரிப்பா ராஜா பாதிக் கேலியாகப் பேசுகிற இடம். மூன்றாவது பேதுருவின் கடிதம். இந்தப் பேரால் பாடு வந்தால் வெட்கப்பட வேண்டாம் என்று அதில் எழுதுகிறார். வெட்கப்படாதே என்று ஒருவர் எழுதும்படி இருந்ததென்றால், தெருவில் அது எப்படிப்பட்ட பேராக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வைத்தது யார்? யூதர்கள் வைத்திருக்க முடியாது. ‘கிறிஸ்து’ என்பது எபிரெய மொழியின் ‘மெசியா’வுக்குக் கிரேக்கச் சொல், அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். இயேசுவை மெசியா இல்லை என்று சொல்கிறவர்கள் அவருடைய கூட்டத்தை ‘மெசியாவின் ஆட்கள்’ என்று ஏன் கூப்பிடப் போகிறார்கள்? விசுவாசிகள் தாங்களே வைத்துக்கொண்டிருந்தால் மூன்றே இடத்தில் வந்து நின்றிருக்காது. மிஞ்சுவது அந்தியோகியாத் தெருவும் கவர்னர் கச்சேரியும்தான். கிறிஸ்து என்பது யாரோ ஒரு ஆளின் பேர் என்று நினைத்த வெளியாட்கள் வைத்தது என்பதுதான் எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

சொல்லின் வாலைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முன்பாதி கிரேக்கம். பின்னால் ஒட்டியிருக்கும் ‘இயானுஸ்’ லத்தீன். ரோமாபுரி அரசியலில் பொம்பேயுவின் ஆட்களுக்கும் சீசரின் ஆட்களுக்கும் இதே வால்தான். சுவிசேஷத்தில் வருகிற ‘ஏரோதியர்’ என்ற பேரும் இதே வார்ப்பு. தமிழில் இதற்குச் சரியான சொல் ‘ஆள்’ என்பேன். 1967 தேர்தலில் காமராஜர் இதே விருதுநகரில் தோற்ற சமயம், டீக்கடையில் ஒருவன் வாயைத் திறக்குமுன், “நீ காமராஜ் ஆளா, அண்ணா ஆளா?” என்று கேட்பார்கள் இல்லையா? அந்த ‘ஆள்’தான் இது. கேட்கிறவன் குரலைப் பொறுத்து அது விசாரிப்பாகவும் இருக்கும், வம்பாகவும் இருக்கும்.

கிளார்க்காக இருந்தவனுக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்த வசனத்தில் பேர் ‘வழங்கிற்று’ என்று பழைய தமிழ் வேதாகமத்தில் போட்டிருக்கும். அதற்குரிய கிரேக்க வினைச்சொல்லுக்கு அலுவல் பார்த்தல், வியாபாரம் நடத்துதல் என்பது முதல் அர்த்தம். அப்புறம்தான் இன்ன பேரில் அறியப்படுதல் என்ற அர்த்தம். எகிப்தில் மணலுக்கடியில் கிடைத்த பழைய பத்திரங்களில் ஒருவருடைய அதிகாரபூர்வமான பேரைச் சொல்ல அதே சொல் வருகிறது. நம் பாஷையில் ‘ரிக்கார்டுப்படி பேர்’. கவர்னர் ஆபீஸில் எவனோ ஒரு கிளார்க், யூதர் என்ற தலைப்பில் அடங்காத புதுக் கூட்டத்துக்கு ஒரு தலைப்பு வேண்டுமே என்று இதை எழுதியிருப்பானோ என்று எனக்கு ஒரு ஆசை. ஆசைதான். சாட்சி கேட்காதீர்கள்.

ரோமில் கி.பி. 64ல் தீப்பிடித்தபோது நீரோ பழியை இவர்கள் தலையில் போட்டான். அதை எழுதிய தாசிதுஸ், இந்தப் பேரை ஜனங்கள் வைத்ததாகவே எழுதுகிறார். நமக்கு வந்து சேர்ந்த கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் முதலில் ‘கிறெஸ்தியானுஸ்’ என்று எழுதி, பிறகு எழுத்தைச் சுரண்டி ‘கிறிஸ்தியானுஸ்’ என்று திருத்தியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் ‘கிறெஸ்தோஸ்’ என்றால் நல்லவன், உபயோகமானவன். அடிமைகளுக்கு வைக்கிற சாதாரணப் பேர். கிறிஸ்து என்ற சொல் புரியாதவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். விசுவாசிகளும் இந்தக் குழப்பத்தை விடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்பவர் சக்கரவர்த்திக்கு எழுதிய மனுவில், எங்கள் பேரே நல்லவர் என்றுதானே இருக்கிறது, பிறகு ஏன் தண்டிக்கிறீர்கள் என்ற பாணியில் சிலேடை செய்து வாதாடினார்.

காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார். ஒன்று ‘கிரெத்தியேன்’, அதாவது கிறிஸ்தவன். இன்னொன்று ‘கிரெத்தேன்’, அதாவது மடையன். வகுப்பில் எங்களுக்குத் தினமும் கிடைக்கிற பட்டம். இரண்டும் ஒரே சொல் என்றார். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் அயோடின் இல்லாமல் கழுத்தில் கழலை வைத்து, புத்தி வளராமல் போனவர்கள் நிறைய. அந்தப் பக்கத்துப் பேச்சில் ‘அவனும் ஒரு கிறிஸ்தவன்தானே’, அதாவது அவனும் மனிதன்தானே என்று இரக்கத்தில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சொல் வசவாகவே ஆகிவிட்டது. ருஷ்ய மொழியில் அதே பேர் குடியானவனுக்கு ஆகிவிட்டது. ஒரு பேரை வெளியே அனுப்பிவிட்டால் அது எந்த வீட்டுக்குள் போய் உட்காரும் என்று யாரால் சொல்ல முடியும்?

இனி ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கி.பி. 112 வாக்கில், கருங்கடல் ஓரத்து பித்தினியா மாகாணத்துக்கு பிளினி என்பவர் கவர்னர். மேலிடத்துக்குக் கேட்காமல் ஒரு காகிதத்தை நகர்த்தாத அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த வகை. அவர் டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று புகார் வருகிறது, வேறு குற்றம் இல்லாவிட்டாலும் அந்தப் பேருக்காகவே தண்டிக்க வேண்டுமா, அல்லது அந்தப் பேரோடு ஒட்டிய குற்றங்களுக்காகவா? இதுதான் அவருக்கு விளக்கம் வேண்டிய விஷயம். இதுவரை தான் செய்த நடைமுறையையும் எழுதுகிறார். நீ கிறிஸ்தவனா என்று கேட்பேன். ஆமாம் என்றால் தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கேட்பேன். அப்போதும் ஆமாம் என்றால் தண்டனைக்கு அனுப்பிவிடுவேன், ரோமக் குடியாக இருந்தால் ரோமுக்கு அனுப்புவேன். இல்லை என்கிறவன் சக்கரவர்த்தி சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைத்து, கிறிஸ்துவைத் திட்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர்கள் சபையில் ஊழியம் செய்தவர்கள். பேர் எழுதவில்லை.

டிராஜனின் பதில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. தேடிப் பிடிக்க வேண்டாம். புகார் வந்து நிரூபணமானால் தண்டிக்கலாம். மறுத்து, நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடலாம். ஆனால் கையெழுத்தில்லாத புகாரை எந்த வழக்கிலும் எடுக்கக் கூடாது, அது மோசமான முன்மாதிரி, நம் காலத்துக்குப் பொருந்தாது. மொட்டைப் பெட்டிஷன் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று நம் ஆபீஸ்களில் சுற்றறிக்கை வரும்போதெல்லாம் எனக்கு இந்த டிராஜன் ஞாபகம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாக மொட்டைப் பெட்டிஷனும் நிற்கவில்லை, சுற்றறிக்கையும் நிற்கவில்லை.

அந்த மூன்று தரம் கேட்கிற வழக்கத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் இவர்களுக்கு முதலில் கிடைத்த பேர் ‘பரங்கி’. போர்ச்சுகீசியரைக் குறித்த பேர், அவர்கள் வேதத்தில் சேர்ந்தவனுக்கும் அதுவே ஆயிற்று. இதில் வேடிக்கை, ‘பரங்கி’ என்பது ‘பிராங்கு’ என்ற சொல்லிலிருந்து அரபி, பாரசீகம் வழியாக வந்தது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பேருக்கும் அதுதான் வேர். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, சாம்பாரில் போடுகிற பரங்கிக்காய் எல்லாம் ஒரே குடும்பம். 1606ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலிக்கு இந்தப் பேர் ஆகவே ஆகாது. அவருக்கு முன்னால் அங்கிருந்தவர்கள் ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பரங்கி குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில் கேட்டு வந்தார்களாம். அப்படிக் கேட்டால் எவன் வருவான்? நொபிலி காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, தான் பரங்கி இல்லை என்றார். தன் மார்க்கத்துக்குச் ‘சத்திய வேதம்’ என்று பேர் சொன்னார். அவர் காலத்து வழக்குகள் எத்தனையோ மறைந்துபோயின, ‘வேதம்’ மட்டும் நின்றுவிட்டது. நம் கரிசல் கிராமங்களில் இன்றைக்கும் ‘வேதக்கோயில்’ என்றால்தான் வழி சொல்வார்கள். ‘அவுக வேதத்துல சேந்தவுக’ என்பார்கள். சபைக்காரர்களும் தங்களுக்குள் ‘நாங்க வேதக்காரங்க’ என்பதுதான் வழக்கம். கிறிஸ்தவர் என்பது பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் சொல்கிற சொல்.

சிவகாசியை அடுத்து சாட்சியாபுரம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1854 முதல் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனவர் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். கேம்பிரிட்ஜில் பெரிய கணக்குப் படிப்புப் படித்தவர். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். சாட்சி என்பதற்குக் கிரேக்கச் சொல் ‘மார்த்துஸ்’. பிரெஞ்சில் அது ‘மர்த்தீர்’ ஆகி, வேதத்துக்காக உயிர் விட்டவர் என்று ஆயிற்று. நாம் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோமே, அதே சாட்சி.

அடுத்தவன் வைத்த பேரின் வலி இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. இங்கே பெரும்பான்மையான சமூகத்தை அரசாங்கப் பதிவேடுகள் முன்பு வேறொரு பேரால் எழுதின. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1921ல்தான் ‘நாடார்’ என்று எழுத அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் விருதுபட்டியும் விருதுநகர் ஆகிவிட்டது. அந்தப் பழைய பேரைத் தலைப்பிலேயே வைத்து கால்டுவெல் பாதிரியார் 1849ல் ஒரு ஆங்கிலப் புத்தகம் போட்டார். தமிழுக்கு அவர் செய்தது பெரிது, ஆனால் அந்தப் புத்தகம் அவருடைய சொந்தச் சபையாருக்கே முள்ளாகத் தைத்தது. திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் என்பவர் மிஷனோடு முறித்துக்கொண்டு, 1857ல் வெள்ளைக்காரர் துணையில்லாமல் தனிச் சபை கண்டார். இயேசுவை விடவில்லை. ‘இந்து’ என்ற பேரையும் சபையின் பேரோடு சேர்த்துக்கொண்டார். இந்து என்பதும் கிறிஸ்தவர் என்பதும் ஒரே கட்டத்தில் நிற்காது என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின் மூன்றாம் பத்திப்படி இந்து மதத்தில் இல்லாதவர் ஷெட்யூல்டு வகுப்பார் ஆக முடியாது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்ற தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் மதத்தால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985ல் தோற்றார். 2024 நவம்பரில் வந்த தீர்ப்பு எங்கள் பிரெஞ்சுப் பிரதேசத்துச் சமாசாரம். புதுச்சேரிப் பெண் ஒருவர், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர், கிளார்க் வேலைக்காக இந்து எஸ்.சி. சான்று கேட்டார். நம்பிக்கை ஒன்றும் சான்று ஒன்றுமாக இருப்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவம் போனவர்கள் பி.சி. பட்டியலில் வருவார்கள். 26.5 சதவீதம் என்றாலும் அந்தக் கூட்டத்தில் போட்டி போட வேண்டும். ஊருக்குத் திரும்பினால் தெருவும் மாறியிருக்காது, கூப்பிடுகிற விதமும் மாறியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரும் சான்றிதழில் ஒரு பேரும் வைத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். சட்டம் அதை மோசடி என்கிறது. நீதிபதி சொன்ன பிறகு கிளார்க் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவர்களை அந்தச் சொல்லால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பட்டாசு வட்டாரத்து தாலுகா ஆபீஸ் ஒன்றில் நான் சான்றிதழ் பிரிவில் இருந்தேன். பாலிடெக்னிக் சேருவதற்காக ஒரு பையனும் அவன் தாயாரும் வந்தார்கள். விண்ணப்பத்தில் இந்து என்று இருந்தது. பையன் பேரும் முருகன் பேர்தான். விசாரணை அறிக்கையில் மட்டும் ‘வீட்டில் சிலுவைப் படம் உள்ளது, சர்ச்சுக்குச் செல்வதாகத் தெரிகிறது’ என்று ஒரு வரி. அதிகாரி அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன்.

“ஏம்மா, நீங்க கிறிஸ்தவங்களா?”

“வேதக்காரங்கய்யா.”

“அதைத்தான் கேக்கிறேன். கிறிஸ்தவங்களா, இல்லையா?”

அந்த அம்மாள் பேசவில்லை. அதிகாரி நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். “இந்துன்னா எஸ்.சி. சர்டிபிகேட் கிடைக்கும். கிறிஸ்தவங்கன்னு எழுதிட்டா பி.சி.தான். பையன் படிப்பு. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கிறிஸ்தவங்களா?”

அது மூன்றாம் தரம். எனக்கு பிளினி ஞாபகம் வந்தது. அங்கே தலை போயிற்று, இங்கே போவது ஒரு சீட்டு, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பது தெரியும். இருந்தாலும் வந்தது.

பையன் தாயாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை.

“எங்க மாமியா கடைசியில ஜெபம் பண்ணச் சொல்லித்தான்யா கண்ண மூடுனாக. வேதத்துலதான்யா இருக்கோம். நான் எப்படி இல்லைன்னு சொல்ல?”

அதிகாரி ஃபைலை என்னிடம் தள்ளினார். வாக்குமூலத்தில் ‘நாங்கள் கிறிஸ்தவர்கள்’ என்று எழுதினேன். வேதக்காரர் என்ற பேருக்கு எங்கள் பட்டியலில் இடமில்லை. அந்தச் சொல்லை அந்த அம்மாள் ஒரு தரம்கூட வாயால் சொல்லவில்லை. வாசித்துக் காட்டியதும் தலையை ஆட்டினாள். கையெழுத்துத் தெரியாது. மை டப்பாவைத் திறந்து இடது பெருவிரலை வைக்கச் சொன்னேன். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது. முதல் தரம் ரேகை விழவில்லை. முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள்.